நாலு மணி நேரப் பறப்புக்குப் பதினெட்டு நாள்

22 நவம்பர் 2021, திங்கள் – கும்பகோணம்

மகளுக்கு ஜனவரி கடைசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பிரசவம். முறைப்படி அவள்தான் இங்கே வந்திருக்க வேண்டும். எங்கே வருவது? வளைகாப்பையே வீடியோவில்தான் நடத்தினோம். நான் இங்கே போனுக்கு முன்னால் கண்ணாடி வளையலைக் குலுக்க, அவள் அங்கே செராங்கூன் சாலையில் வாங்கியதை மாட்டிக்கொண்டாள். சிக்னல் போய்விட்டதால் ஆரத்தி மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

2018ல் சிங்கப்பூர் போனபோது பாஸ்போர்ட், விசா, மாவடு ஒரு ஜாடி. அவ்வளவுதான் ஏற்பாடு. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் இன்னும் ஓடவில்லை. தனித்தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்ட நாடுகளுக்கு மட்டும் ஏதோ பறக்கிறது. இப்போது தடுப்பூசி போட்டவர்களுக்கென்று சிங்கப்பூர் ஒரு தனிப் பாதை திறக்கிறது. விடிஎல் என்கிறார்கள். வரும் 29ஆம் தேதி முதல் சென்னை, டெல்லி, மும்பை ஒவ்வொன்றிலிருந்தும் தினம் 2 விமானம். அந்த விமானத்தில் போனால் நேராக மகள் வீடு. வேறு விமானத்தில் போனால் முதலில் தனிமைவாசம்.

மாப்பிள்ளை டிசம்பர் 10 இரவுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். தடுப்பூசிப் பயண அனுமதி, விசா, காப்பீடு, பிசிஆர் பரிசோதனை, சாங்கியில் இறங்கியதும் செய்யும் பரிசோதனைக்கு முன்பதிவு, வருகை அட்டை, போனில் ஒரு செயலி. கடைசி வரியில், “அம்மா, முதல்ல தடுப்பூசி சர்டிபிகேட் அனுப்பு.”

அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டாள். “ரெண்டு சர்டிபிகேட் இருக்கும்மா. ரெண்டுலயும் முதல் தவணைன்னு போட்டிருக்கு.”

23 நவம்பர், செவ்வாய்

தப்பு என்னுடையதுதான். முதல் ஊசிக்குப் பள்ளிக்கூடத்து முகாமில் ஆதாரைக் காட்டினேன். இரண்டாவது ஊசிக்கு ஆதாரை மறந்துவிட்டுப் போய், பையில் இருந்த வாக்காளர் அட்டையை நீட்டினேன். ஒரே போன் நம்பரில் நான் இரண்டு பெண்களாகிவிட்டேன். ஆளுக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டு, இரண்டாவதற்காகக் காத்திருக்கிற இரண்டு பேர்.

மழையில் நனைந்துகொண்டே மடத்துத் தெரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தீபம் முடிந்தும் மழை விடவில்லை. கடைத் தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். முகக்கவசம் தாடைக்குக் காவல். கோவின் தளத்தைத் திறந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சிரித்தான். “தினம் நாலு பேர் வர்றாங்கம்மா இதுக்கு. சேத்துடலாம்.”

சேர்ப்பது பெரிய காரியமில்லை. பெயர்தான் வழக்கு. ஆதாரில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். வாக்காளர் அட்டையில் கணவர் பெயர் தனி வரியில். பாஸ்போர்ட்டில் அவர் பெயர் என் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாளும் மூன்றும் சண்டையில்லாமல் ஒரே பீரோவில் இருந்தன. இப்போது மூன்றையும் சிங்கப்பூர்க் கணினி ஒன்றாக வைத்துப் பார்க்கப் போகிறது.

“பேரைத் திருத்த ஒரே ஒரு சான்ஸ்தான்மா குடுப்பாங்க. பாஸ்போர்ட்டைப் பாத்து எழுத்து எழுத்தா சொல்லுங்க. அவசரமே இல்ல.”

பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் சொல்வது மாதிரி சொன்னேன். அவன் ஒவ்வொரு எழுத்தையும் அடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பின்னால் ஜாதிச் சான்றிதழுக்கு நின்ற ஒரு பெரியவரும் சேர்ந்து எழுத்துக் கூட்டினார். கடைசி எழுத்து ‘எம்’மா ‘என்’னா என்று அவருக்கும் தம்பிக்கும் வாக்குவாதம். பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அவரே தோற்றார். அதன்பிறகு பாஸ்போர்ட் எண்ணையும் இணைத்துக் கொடுத்தான். வெளிநாடு போகிறவர்களுக்கு முழுப் பிறந்த தேதியோடு சான்றிதழ் தருகிறார்களாம். சாதாரணமாகத் தருவதில் அது இருக்காது. 60 ரூபாய் வாங்கினான். கிளம்பும்போது காகிதம் நனையாமலிருக்க ஒரு பால் கவரைக் கழுவித் துடைத்துக் கொடுத்தான்.

25 நவம்பர், வியாழன்

நான் மறுபடி ஒருத்தியாகிவிட்டேன். இரண்டு ஊசியும் ஒரே தாளில், பாஸ்போர்ட் பெயரில். மகள் உடனே அனுமதிக்கு விண்ணப்பித்தாள். வந்திறங்கும் நாளுக்கு 7 நாளாவது முன்னால் விண்ணப்பிக்க வேண்டும் என்பது கணக்கு. அனுமதி வந்த பிறகு விசா, 30 வெள்ளி. சிங்கப்பூர்க்காரர்களுக்கு டாலர் வெள்ளிதான். மகள் வாயிலும் அது ஏறிவிட்டது.

27 நவம்பர், சனி

லேகியத்துக்குச் சாமான் வறுத்துக்கொண்டிருந்தேன். கண்டந்திப்பிலி, சதகுப்பை, சுக்கு, ஓமம். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: “புதுசா ஓமக் கொரோனா வந்திருக்காம்!”

ஓமிக்ரான். நேற்றுத்தான் உலக சுகாதார நிறுவனம் பெயர் வைத்திருக்கிறது. அதே நேற்றுத்தான் டிசம்பர் 15 முதல் வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் ஓடும் என்று நம் அரசும் அறிவித்தது. ஒரே நாளில் கதவைத் திறந்தும் விட்டார்கள், வாசலில் பூதம் நிற்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். ஓமத்தைக் கருகவிட்டேன். மறுபடி 50 கிராம் வாங்கிவர அவரையே அனுப்பினேன்.

1 டிசம்பர், புதன்

வீட்டுக்காரருக்கு இன்று இரண்டாவது ஊசி. மே மாதம் அவருக்குத் தொற்று வந்தது. குணமான பிறகு மூன்று மாதம் கழித்துத்தான் முதல் ஊசி, அதிலிருந்து 84 நாள் கழித்து இரண்டாவது. அதற்கும் மேல் 14 நாள் ஆனால்தான் சிங்கப்பூர் கணக்கில் முழுசாகப் போட்டவர். அதனால்தான் நான் தனியாகப் போகிறேன். இதுவரை தனியாகத் திருச்சியைத் தாண்டியதில்லை.

மாலையில் செய்தி: 15ஆம் தேதி விமானங்கள் ஓடாது, தள்ளிவைப்பு. என் விமானம் தனி ஒப்பந்தத்தில் பறப்பது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மகள் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை அவள் குரலே நம்பிக்கையாக இல்லை.

5 டிசம்பர், ஞாயிறு

காலை முழுக்கப் பெட்டி. குழம்புப் பொடி 2 கிலோ, பருப்புப் பொடி, வடகம், லேகியம் இரண்டு டப்பா. கேமராவில் பெட்டியைப் பார்த்த மகள், “குழம்புப் பொடியில கசகசா போட்டியா?” என்றாள். போட்டிருந்தேன், ஒரு கைப்பிடி. சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். மார்ஃபின் இருக்கலாம் என்று போதைப்பொருள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். 2 கிலோ பொடியும் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. இரவு உட்கார்ந்து மறுபடி மல்லி வறுத்தேன்.

பத்து மணிக்கு மகள் மீண்டும் கூப்பிட்டாள். அங்கே விதி மாறிவிட்டது. நாளை நள்ளிரவு முதல் இந்தத் தனிப் பாதையில் வருகிறவர்கள் 7 நாளும் மூக்கில் குச்சி விட்டுக்கொள்ள வேண்டும். 3ஆம் நாளும் 7ஆம் நாளும் மையத்துக்குப் போய் அவர்கள் கண்முன்னால், மற்ற நாள் வீட்டில் நாமே.

“நீ வரியாம்மா?” என்றாள். இது என்ன கேள்வி.

8 டிசம்பர், புதன்

கிளம்பும் நாளுக்கு முந்தைய இரண்டு நாளுக்குள் எடுத்த பரிசோதனைதான் செல்லும். இன்றுதான் முதல் நாள். முந்தாநாளிலிருந்து வாசல் பக்கமே போகவில்லை. பால்காரரிடம்கூட ஜன்னல் வழியாகத்தான் பேச்சு. இப்போது ஒரு தும்மல் என்றால் டிக்கெட்டும் போயிற்று, மகளும் தனி.

பரிசோதனைக் கூடத்தில் 900 ரூபாய். குச்சி எடுக்கும் பெண்ணுக்குக் கண் மட்டும்தான் தெரிந்தது. “கண்ணை மூடிக்கிட்டு உங்க பேத்தியை நினைச்சுக்குங்க” என்றாள். பேத்திதான் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பதற்குள் முடிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

வெளியே காத்திருக்கும் இடத்தில் டிவி. குன்னூர் பக்கத்தில் ஹெலிகாப்டர் விழுந்துவிட்டது, முப்படைத் தளபதி அதில் இருந்தார் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் பேசவில்லை. ரசீது கொடுக்கிற பெண் எழுந்து நின்று பார்த்தாள். வீட்டுக்காரர் என் பையை வாங்கிக்கொண்டு, “வா, போலாம்” என்றார். வழி நெடுக ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக ஸ்கூட்டரில் உலக அரசியல் முழுக்கப் பேசுகிறவர்.

9 டிசம்பர், வியாழன்

காலை 11 மணிக்கு முடிவு பிடிஎஃபில் வந்தது. நெகட்டிவ். அப்பாடா என்று உட்காரும்போது பெயரைப் பார்த்தேன். அப்பாவின் இனிஷியலோடு என் பெயர். பாஸ்போர்ட் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. நேற்று பாஸ்போர்ட் நகல் கொடுத்திருந்தேன். அதை வாங்கிப் பின் அடித்து வைத்துக்கொண்டு, பழைய பதிவிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

போன் செய்தால் எடுக்கவில்லை. நேரில் போனோம். “நெகட்டிவ்தானே மேடம், பேரு கிட்டத்தட்ட ஒண்ணுதானே” என்றார் மேசைக்காரர். எனக்குக் கோபம் வருவது அபூர்வம். பாஸ்போர்ட்டைத் திறந்து அவர் விசைப்பலகை மேல் வைத்தேன். “கிட்டத்தட்ட நான் போகலை தம்பி. நானேதான் போறேன்.” மேலதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார், அவர் கையெழுத்து வேண்டும் என்றார். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில். மூன்று மணிக்குச் சரியான பெயரோடு, எண்ணோடு, ஈரம் காயாத முத்திரையோடு தாள் கையில் வந்தது. மூன்று பிரதி எடுத்து, பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, ஃபைலுக்கு ரப்பர் பேண்ட் போட்டேன்.

இரவு உழவன் எக்ஸ்பிரஸ். ஏசி பெட்டியில் இப்போது போர்வை, தலையணை கிடையாது. திரையும் கிடையாது. தெரிந்தே வீட்டுப் போர்வை கொண்டுபோனேன். எதிர்ப் படுக்கைக் கல்லூரிப் பிள்ளைக்குத் தெரியவில்லை. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு நடுங்கினாள். விழுப்புரம் தாண்டி என் சால்வையைக் கொடுத்தேன். யார் போர்த்தியதோ என்று தயங்கினாள், அப்புறம் வாங்கிக்கொண்டாள். ஒரு காலத்தில் இந்தத் தயக்கம் அவமதிப்பாகத் தெரிந்திருக்கும்.

10 டிசம்பர், வெள்ளி – சென்னை

விடிவதற்கு முன் தாம்பரத்தில் இறங்கி, குரோம்பேட்டையில் நாத்தனார் வீட்டுக்கு ஆட்டோ, 200 ரூபாய். மழை தின்ற ரோடு, இடுப்பு கழன்றது. நாத்தனார் காபியைத் திண்ணையில் வைத்துவிட்டு நான்கடி தள்ளி நின்றார். “தப்பா நினைக்காதீங்க அண்ணி, உங்களுக்கு எங்களால ஒண்ணும் வந்துடக் கூடாது.” மாடி அறை, தனித் தட்டு, தனி டம்ளர். மதியம் முருங்கைக்காய் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் படிக்கட்டில் வந்தன. படியின் மேலும் கீழும் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம். இருபது வருடத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

விமான நிலையத்துக்கு நாலு மணி நேரம் முன்னால் போய்விட்டேன். கவுண்டரில் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடத்துக்குக் குறையவில்லை. அனுமதி, விசா, ஊசிச் சான்றிதழ், பிசிஆர், 30,000 வெள்ளிக்குக் கொரோனாச் செலவு தாங்கும் காப்பீடு, வருகை அட்டை. எனக்கு முன்னால் தேவகோட்டைப் பெரியவர் ஒருவர், எழுபதுக்கு மேல், வெள்ளை வேட்டி, மஞ்சள் பை. எல்லாத் தாளையும் பேரன் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான். போன் அணைந்துவிட்டது. சார்ஜர் பெட்டிக்குள். பெட்டி எடை போட்டு உள்ளே போய்விட்டது.

வரிசையில் நின்ற நாலு பேர் நாலு வயரை நீட்டினார்கள். மூன்று அவர் போனுக்குப் பொருந்தவில்லை. நாலாவது ஒரு சின்னப் பையனுடையது. அவன் அம்மா அவன் பார்த்துக்கொண்டிருந்த பொம்மைப் படத்தை நிறுத்திவிட்டு வயரைக் கொடுத்தாள். பையன் அழ, பெரியவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்தார். அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியாள் கைப்பண்டம். ஒரு நொடி யோசித்தாள். பையன் அதற்குள் முகக்கவசத்தை இறக்கிவிட்டான்.

என் முறை வந்தபோது ஃபைலை ரப்பர் பேண்டோடு நீட்டினேன். கவுண்டர்ப் பெண் பெயரையும் எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டாள். அந்த ஒன்றரை மணி நேரப் பெஞ்சு அப்போது கண்ணில் வந்தது. “எல்லாம் சரியா இருக்கும்மா. இப்படி வெச்சிருந்தா எங்களுக்கு எவ்வளவு ஈசி” என்றாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் நூறு வாங்கியபோதுகூட இந்தச் சந்தோஷம் இல்லை.

11 டிசம்பர், சனி – சிங்கப்பூர்

விமானத்தில் தூங்கவில்லை. என்95 காதை அறுத்தது. சாப்பாடு வந்ததும் பக்கத்து இருக்கைப் பெண் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் சாப்பிட்டு முகக்கவசம் போட்ட பிறகு நான் என்னுடையதை இறக்கினேன். யாரும் சொல்லிக்கொடுக்காத ஏற்பாடு. தயிர்சாதம் ஆறிப்போயிருந்தது.

சாங்கியில் ஆளில்லை. 2018ல் திருவிழாக் கூட்டம் இருந்த இடம். நகரும் பாதையில் நானும் ஒரு துப்புரவு வண்டியும்தான். அறிவிப்புப் பலகையில் தமிழைப் பார்த்ததும் பாதி பயம் போயிற்று. குடிநுழைவில் கைரேகை, அனுமதி. பிறகு பரிசோதனைக் கூடம். 125 வெள்ளி முன்னாலேயே கட்டியது, நம் காசில் கிட்டத்தட்ட 7,000 ரூபாய். கும்பகோணத்தில் 900க்கு அழுதேன். இங்கே எடுத்தவர் ஒரு மலாய் அக்கா. இரண்டு மூக்கிலும் பத்து பத்துச் சுற்று, வாய்க்குள் எண்ணிக்கொண்டே. பேத்தியை நினைக்கச் சொல்ல ஆளில்லை, நானே நினைத்துக்கொண்டேன்.

முடிவு வரும்வரை தனியறை. மாப்பிள்ளை கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். மகள் கூடத்தின் அந்தக் கோடியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இரண்டே முக்கால் வருடம் கழித்துப் பார்க்கிறேன், நடுவில் பத்தடி. கை ஆட்டினேன். அவள் அழுதுகொண்டே, “பல் தேய்ச்சியாம்மா?” என்றாள். சிறு வயதில் நான் அவளைக் கேட்கிற கேள்வி.

மாலை ஐந்தரைக்கு மின்னஞ்சல் வந்தது. நெகட்டிவ். கதவைத் திறந்தேன்.

13 டிசம்பர், திங்கள்

நேற்றுக் காலை நானே செய்த முதல் சோதனையில் ஒரு கோடும் வரவில்லை. ‘சி’ பக்கமும் இல்லை, ‘டி’ பக்கமும் இல்லை. இப்படியும் ஒரு நோயா என்று நினைத்துவிட்டேன். சொட்டு குறைவாக விட்டிருக்கிறேனாம். நெய்யை அளந்து விட்டுப் பழகிய கை. இரண்டாவது பெட்டியில் மாப்பிள்ளை மேற்பார்வையில் நாலு சொட்டு, ஒரு கோடு.

இன்று மையம். வரிசையில் எல்லாரும் மூக்கில் குச்சியோடு வானம் பார்த்து நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துச் சீனப் பாட்டிக்கும் வந்தது. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை.

18 டிசம்பர், சனி

ஏழு நாளும் முடிந்தது. லிட்டில் இந்தியா போனோம். கோயில் வாசலில் போனைக் காட்டி உள்ளே போக வேண்டும். செருப்பை விடுவதற்கு முன் செயலியைத் திறக்க வேண்டும். வீரமாகாளிக்குச் சார்த்த மல்லிகைச் சரம் வாங்கப் போய் விலை கேட்டேன். 3 வெள்ளி. 165 ரூபாய்க்குக் கும்பகோணத்தில் அம்பாளுக்கு மாலையே கட்டலாம். மகள் முறைத்தாள், வாங்கினேன். மார்கழி பிறந்து மூன்று நாள். மழை இங்கேயும் கூடவே வந்துவிட்டது.

22 டிசம்பர், புதன்

வீட்டுக்காரருக்கு 15ஆம் தேதியே 14 நாள் கணக்கு முடிந்தது. அன்றிலிருந்து மாப்பிள்ளை டிக்கெட் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். “மார்கழியில எந்தக் காரியமும் ஆரம்பிக்க வேண்டாம். தை பிறக்கட்டும், பாத்துக்கலாம்” என்று இவர் பிடித்த பிடி.

இன்று அறிவிப்பு. ஓமிக்ரானால் தனிப் பாதை விமானங்களுக்கு டிக்கெட் விற்பனை இன்று நள்ளிரவோடு நிறுத்தம். ஜனவரி 20 வரை புதிதாக வாங்க முடியாது. ஏற்கெனவே வாங்கியவர்கள் மட்டும் வரலாம்.

வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது, மகள் கையைப் பிடித்தாள். அவர் பதற்றமே இல்லாமல் எழுந்து சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரிடம் போனார். விரலால் எண்ணினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினார்.

“ஜனவரி இருபதுன்னா தை ஏழு. நான் அப்பவே சொன்னேன்ல, தையிலதான்னு” என்றார்.